காற்புள்ளி தவறாமல்

ஓகஸ்ட் 12, திங்கள், 1996

விடியமுதலே மழை. எங்கள் வீட்டடி ரானுயி ஸ்டேசனில் கூரைக்குக் கீழே நின்றும் சப்பாத்து நனைந்தது. ரயில் பிந்தித்தான் வந்தது.

இடைத்தேர்வு விடைத்தாள்கள் இன்று திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் இல்லை. முன்னால் போய்க் கேட்டேன். மூன்றாம் கேள்வி பற்றித் தன் அறையில் கதைக்க வேண்டும் என்று விரிவுரையாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். தாழ்த்தினால் மற்றவர்களுக்கு விளங்காதா? முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அறையில் என் விடைத்தாள். பக்கத்தில் பொருளியல் பாடப்புத்தகம், விரித்தபடி. வேலையின்மை அதிகாரம். இரண்டிலும் அதே வசனங்கள், ஒரு பக்கம் முழுக்க. ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. புத்தகத்தைப் பரீட்சை மண்டபத்துக்குள் எப்படிக் கொண்டுபோனாய் என்று கேட்டார். கொண்டுபோகவில்லை, பாடமாக்கினேன் என்றேன். அப்படி யாரும் செய்வதில்லை என்றார். கோபமில்லாமல், வானிலை சொல்வதுபோல.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான். அங்கே இப்படி எழுதினால் முழுப் புள்ளி. வகுப்பில் வாசித்தும் காட்டுவார்கள். இங்கே களவு.

வெள்ளிக்கிழமை விசாரணை. துறைத் தலைவியும் இருப்பாராம். களவு என்று முடிவானால் இந்தப் பாடம் பூச்சியம், மூன்றாம் வருடம் இல்லை, கோப்பில் பெயர்.

வாங்க வேண்டியது: பாண், பால், அப்பாவுக்கு இருமல் மருந்து. மூலைக்கடையில், இங்கே டெய்ரி என்பார்கள், பாண் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா: "புத்தகம் முழுக்கப் பாடம். பாலும் மருந்தும் மட்டும் ஞாபகமில்லை."

விசாரணை பற்றி வீட்டில் சொல்லவில்லை.

13, செவ்வாய்

மழை விட்டு மப்பு.

கோமதியிடம் சொன்னேன். கோலாலம்பூர்க்காரி. எங்கள் வகுப்பில் என்னைத் தவிர்த்தால் ஒரே தமிழ். கன்ரீனில் சிப்ஸ் தின்றுகொண்டே கேட்டாள். பிறகு, "நீ ஒரு மக்கு. நாலு வார்த்தைய மாத்திப் போட்டிருந்தா அவரே வெரி குட்னு எழுதியிருப்பாரு."

உண்மை. வகுப்பில் எல்லாரும் அதே புத்தகத்தைத்தான் எழுதினார்கள். நாலு சொல்லை மாற்றத் தெரிந்தவனுக்குப் பெயர் சிந்தனையாளன். மாற்றாதவள் கள்ளி.

பின்னேரம் ரியூட்டோரியல், சின்னக் கலந்துரையாடல் வகுப்பு. அரச வீடுகளின் வாடகையைச் சந்தை விலைக்கு ஏற்றியது சரியா? சரி என்றான் ஒருத்தன், விலையுயர்ந்த ஸ்வெட்டர். கட்ட முடியாதவர்கள் தூரப் போய் இருக்கலாமாம். நாங்கள் இருக்கும் இடத்தைவிடத் தூரம் என்றால் கடல்தான். எங்கள் வீடு அரச வீடு. ஒவ்வொரு முறை வாடகைக் கடிதம் வரும்போதும் அம்மா முதியோர் இல்லத்தில் இன்னொரு நாள் உடுப்புத் தோய்க்கப் போகிறாள். நீ என்ன நினைக்கிறாய் என்று ரியூட்டர் என்னிடம் கேட்டார். வாய்க்குள் என்னென்னவோ வந்தது. இங்கிலிஷில் ஒன்றும் வரவில்லை.

14, புதன்

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு நேரம்.

அம்மா கோப்பையை வைத்துவிட்டு, நிப்பாட்டிப் போடுவாங்களோ என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். அப்பாவுக்குக் கோபம் வந்தது வேறொரு விஷயத்துக்கு. "யாரும் பாடமாக்கிறதில்லையாமோ? பிறகு என்னெண்டு படிக்கிறாங்கள்?"

அப்பா ஊரில் றோட்டும் பாலமும் போட்ட என்ஜினியர். இங்கே வந்து இரண்டு வருடம், வேலை இல்லை. சமையலறை மேசைதான் இப்போது அவருடைய கந்தோர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்ததையே இங்கும் செய்கிறார்: புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சொல்லு பாப்பம்." நான் சொல்லுவேன். அவர் விரலால் வரி வரியாகப் பார்ப்பார். மூன்றாம் கேள்வியும் அப்படிப் பாடமானதுதான்.

இன்றும் புத்தகத்தை எடுத்தார். வெள்ளிக்கிழமை அவர்கள் எங்கிருந்து கேட்டாலும் சொல்ல வேண்டுமாம். அதிகாரத்தின் முதலிலிருந்து தொடங்கினேன். நடைமுறைக் கூலிக்கு வேலை செய்யச் சம்மதியாதவர், தாமாக விரும்பி வேலையின்றி இருப்பவராவார். அந்த இடத்தில் விரல் நின்றது.

"இதிலை நானும் இருக்கிறன். கவனிச்சனியோ?"

கவனித்தேன். அந்த வசனத்தை எத்தனை தரம் இதே மேசையில் சொல்லியிருக்கிறேன், அவரைப் பார்த்துக்கொண்டே.

"சரி, மேலை சொல்லு."

சொன்னேன்.

16, வெள்ளி

காற்று. மடக்குக்குடை மறுபக்கம் புரண்டு கம்பி உடைந்தது. எறிந்துவிட்டேன்.

துறைத் தலைவி கிழவி. கார்டிகனில் பூனை மயிர். புத்தகத்தை அவரே விரித்து, ஏதோ ஒரு பக்கத்தின் முதல் வரியை வாசித்துவிட்டு, தொடரு என்றார். தொடர்ந்தேன். இன்னொரு பக்கம். தொடர்ந்தேன். படத்துக்குக் கீழே உள்ள சின்ன எழுத்தையும் சொன்னேன். விரிவுரையாளரின் கழுத்து சிவந்தது. எனக்குள் ஒரு கெட்ட சந்தோஷம். மன்னிப்புக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கிழவி புத்தகத்தை மூடினார். இதை நீ நம்புகிறாயா என்று கேட்டார்.

"நோ."

ஏன்?

ஏன் என்றால். அப்பா. அம்மாவின் கை. அந்த ஸ்வெட்டர்க்காரன். என்னிடம் இருந்த இங்கிலிஷ் முழுக்க அந்தப் புத்தகத்தின் இங்கிலிஷ். அதை மறுக்கவும் அதன் வசனம்தான் வந்தது. பிகோஸ் என்றதோடு நின்றுவிட்டேன். முழுப் புத்தகத்தையும் சொல்லச் சொன்னால் அதைவிட லேசு.

தீர்ப்பு: களவு இல்லை. ஆனால் விளங்கியதற்கு அத்தாட்சியும் இல்லை. அடுத்த புதன் அதே கேள்வி, மறுபடி, என் சொந்தச் சொற்களில். புத்தக வசனம் ஒன்று வந்தாலும் பூச்சியம், பாடம் போச்சு.

மற்றவர்களுக்கு இந்த நிபந்தனை உண்டா என்று கேட்க நினைத்தேன்.

18, ஞாயிறு

வெயில், குளிர். அம்மா உடுப்புக் காயப்போட்டாள், மழைக்கு முதல்.

வெள்ளியிலிருந்து மேசைக்கு முன்னால் இருந்து எழுதப் பார்க்கிறேன். பேனை எடுத்தால் புத்தகம் வருகிறது. மறக்க முயன்று பார்த்தேன். அதற்கு யாரும் பழக்கவில்லை.

அப்பா வந்து முன்னால் இருந்தார். புத்தகத்தைக் குளிர்பெட்டிக்கு மேலே வைத்தார். "ஏன் பிழை எண்டு எனக்குத் தமிழிலை சொல்லு."

ஆட்கள் சும்மா இருக்க விரும்புவதில்லை என்று தொடங்கினேன். அப்பா விடவில்லை. அதுக்கு என்ன அத்தாட்சி என்றார். வேலையே இல்லை என்றேன். பேப்பரில் கிளீனிங் வேலை இருக்கே என்றார். புத்தகத்தின் பக்கம் நின்று வாதாடுகிறார். எனக்கு விசர் வந்துவிட்டது.

"ஓம், இருக்கு. கோயிலிலை ஒரு அங்கிள் சொன்ன கிளீனிங் வேலைக்கு நீங்கள் போகேல்லைத்தானே. அப்ப புத்தகம் சரி."

அம்மா வாசலில், கையில் ஈரத் துவாயோடு.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "போனனான் பிள்ளை. நீ கம்பஸுக்குப் போன பிறகு. அந்த மனேஜர் என்ரை சேர்ட்டிபிக்கேட்டுகளைப் பார்த்திட்டு, என்ஜினியர் இந்த வேலையிலை நிக்க மாட்டான் எண்டு திருப்பித் தந்திட்டான். அடுத்த இடத்திலையும் அப்பிடித்தான்."

"ஒண்டையும் காட்டாதேங்கோ எண்டு சொன்னனான்," என்றாள் அம்மா. "கேட்டவரே? கிளீனிங் வேலைக்குக் கோட்டும் போட்டு, பிறப்புச் சான்றிதழிலை இருந்து பட்டம்வரை ஃபைலிலை அடுக்கிக்கொண்டு போனவர்."

"வேலை கேக்கப் போறவன் வெறுங்கையோடை போறதோ?" என்றார் அப்பா. இன்னும் உண்மையிலேயே விளங்கவில்லை அவருக்கு.

முதலில் சிரித்தது அம்மாதான். பிறகு மூன்று பேரும். கொஞ்ச நேரம்தான். பிறகு ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்கவில்லை.

படித்ததெல்லாம் காட்டு என்றுதான் எங்களைப் பழக்கினார்கள். அவர் ஃபைலில் காட்டினார், நான் விடைத்தாளில்.

20, செவ்வாய்

படிக்கவில்லை. படிக்க ஒன்றுமில்லை. கோமதி போன் எடுத்தாள். "தூங்கு லா."

21, புதன்

மழை.

துறை அலுவலகத்தில் ஒரு மூலை மேசை. பக்கத்தில் செயலாளர் ரைப் அடித்தபடி. கேள்வி அதேதான்.

கை முதலில் புத்தக வசனத்தைத்தான் எழுதியது. முழு வரி. வெட்டினேன், வாசிக்க முடியாதபடி. நடைமுறைக் கூலிக்குச் சம்மதிக்க வேண்டுமென்றால் முதலில் யாராவது கேட்க வேண்டும், அந்த இடத்திலிருந்து தொடங்கினேன். இங்கிலிஷ் கோணல். ஒரு பிழை கண்ணில் பட்டது, திருத்த நிற்கவில்லை. நின்றால் புத்தகம் வந்துவிடும். மணி அடிக்க முதல் தாளை வாங்கிவிடுவார்களோ என்ற பயம். தாள் முடிந்து இன்னொன்று கேட்டேன்.

முடிவு எப்போது என்று செயலாளருக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தால் படிக்கட்டில் அப்பா. வேலையில்லாதோருக்கான உதவிப் பணத்துக்கு வேலை அலுவலகத்தில் கையெழுத்து வைக்க ரவுனுக்கு வந்தவர். கோட்டு. கையில் ஃபைல் இல்லை.

"என்ன எழுதினனி? சொல்லு பாப்பம்."

வாயைத் திறந்தேன். எவ்வளவு யோசித்தும் ஒரு வசனம்கூட வரவில்லை.

"ஒண்டுமே ஞாபகமில்லையோ?"

"இல்லை அப்பா."

என்னைப் பார்த்தார். பிறகு குடையை என் பக்கம் சரித்து, நட, ரயிலுக்கு நேரமாச்சு என்றார்.