நெருப்புக்குப் பசிக்குமா என்று கேட்டவனுக்கு

நேற்று மத்தியானம் டிவியில் மறுபடியும் அந்த எரிமலைப் படத்தைப் போட்டார்கள். சேனலை மாற்றப் போனவன், மலையின் வாயோரம் வலையோடு நிற்கும் ஆட்களைப் பார்த்ததும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். நீ இல்லாமல் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் கடைசி வரை பார்த்தேன்.

நீ செத்துப்போவதற்கு முந்தைய மழைக்காலம். எண்ணூரில் உன் வீட்டுக் கட்டிலில் நீ படுத்திருக்க, நான் கால்மாட்டில் உட்கார்ந்து இருவரும் பார்த்த படம். எங்கோ ஒரு தீவில் ஊரே திரண்டு மலையேறி, எரிமலைக்குள் கோழியும் காய்கறியும் காணிக்கையாக வீசுகிறது. உள்சரிவில் இறங்கி நிற்கும் ஏழைகள் சிலர், கழியில் கட்டிய வலையால் அவற்றைப் பாதியிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். "சாமி பொருளத் திருடுறானே, வெளங்குவானா?" என்றேன். உனக்கு வந்ததே கோபம்!

"நெருப்புக்கு இன்னாத்துக்கு மாமு கோயி? அதுக்கா பசிக்குது? இவன் வூட்ல புள்ளைங்க கீது."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன். ஆற்றில் இறால் குறைந்ததற்கு அனல்மின் நிலையம்தான் காரணம் என்று ஊரெல்லாம் சண்டை போட்டவன் நீ. பிறகு அங்கேயே கான்ட்ராக்ட் வேலைக்குப் போனாய். அந்தக் கூலியில்தான் இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்தாய். புகைபோக்கியை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாயிற்று என்று சைக்கிளை எடுப்பாய்.

படத்தில் மலை குமுற ஆரம்பித்தது. வண்டி வந்து கூப்பிட்டும் ஊரைவிட்டு வரமாட்டோம் என்றார்கள் சிலர். "எய்ந்து ஓடாம இன்னா பண்றானுங்க? உசுரு போனா வருமா?" என்று கத்தினாய். "பெரம்பூர்ல வூடு பாத்துட்டு உன் தம்பி கூப்ட்டானே, நீ போனியா?" என்று நான் மடக்கினேன். "நா இன்னாத்துக்குப் போவணும்? நம்ம ஊரு இன்னா எரிமலையா?" என்றாய். அடுத்த மூச்சில் இருமிக்கொண்டே, "அந்த ஜன்னல சாத்து மாமு, சாம்பலு வருது" என்றாய்.

உன் நெஞ்சைக் கெடுத்தது சாம்பலா, பீடியா என்று கேட்டேன். டாக்டர் இரண்டுக்கும் தலையாட்டினார்.

இப்போது என் மகளுக்கு அந்த அனல்மின் நிலையத்திலேயே வேலை கிடைத்திருக்கிறது. டிப்ளமோ முடித்து வீட்டில் கிடந்தவள். பஞ்சர் கடை வருமானத்தில் இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது? உனக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள் அவள். நீ மூச்சுக்குத் தவித்ததை என்னைவிடப் பக்கத்தில் பார்த்தவள். "போவவா, வாணாவாப்பா?" என்று ஒரு வாரமாகக் கேட்டாள். நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று யோசித்தேன். புள்ளைங்க கீது என்று அனுப்பச் சொல்வாயா, எய்ந்து ஓடு என்பாயா? குழம்பிப்போனேன். உன்னோடு இத்தனை வருஷம் பழகியும் இது தெரியவில்லையே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை அவளே கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். மூக்கை மூடிக் கட்டிக்கொள்ளக் கைக்குட்டையை மட்டும் நீட்டினேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கடையைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தால் இந்நேரம் வந்து என்னைக் கிழிகிழியென்று கிழித்திருப்பாய். அனுப்பியதற்கா, அனுப்பத் தயங்கியதற்கா, தெரியவில்லை. எதற்காக இருந்தாலும் சரி மாமு, ஒரு தடவை வந்து திட்டிவிட்டுப் போ.