தேருக்குக் கழற்றும் வயர்

வடக்குச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம்,
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள ப்ரீத்திக்கு அம்மா எழுதுவது. பெருமாள் புண்ணியத்தில் இங்கே நாங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன் என்று யோசிப்பாய். உன் தம்பி ஜெய்சங்கர் மாடி ஆபீசில்தான் இருக்கிறான், நான் போனில் பேசினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். உன்னிடம் சொல்லவே கூடாது என்று அவன் சொன்ன விஷயம் இது.

கோயிலில் கொடியேறிவிட்டது. வியாழக்கிழமை ரேவதி நட்சத்திரம், சித்திரைத் தேர். முந்தின நாளே வீதியின் குறுக்கே தொங்குகிற வயரையெல்லாம் கழற்றிவிடுவார்கள், தேர் நிலைக்கு வந்த பிறகுதான் மறுபடி கட்டுவார்கள், உனக்குத் தெரியாததில்லை. நீ வேலை பார்க்கிற கம்பெனியின் பல் ஆஸ்பத்திரிகள் எட்டையும் புதுக் கம்ப்யூட்டர் முறைக்கு மாற்றுகிற நாளும் அதே வியாழக்கிழமைதானாம். இங்கே தேர் புறப்படும்போது அங்கே நடுப்பகல், நோயாளிகள் வந்து நிற்கிற நேரம். அந்தக் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் தம்பி ஆபீஸ் பொறுப்பு என்பதால், ஏதாவது சிக்கினால் நம் மாடியிலிருக்கும் பிள்ளைகள்தான் பார்த்துச் சரி செய்ய வேண்டும், மாடியிலோ இன்டர்நெட்டே இருக்காது. இந்தத் தேதிக்கு எப்படித் தலையாட்டினாய் என்று தம்பியைக் கேட்டேன். ஜனவரியில் உங்கள் ஆபீசில் நம் ஊர் லீவு நாளெல்லாம் கேட்டபோது போன வருஷத்துத் தேதிகளையே அனுப்பிவிட்டானாம். தேர் நட்சத்திரம் பார்த்தல்லவா வரும், வருஷா வருஷம் ஒரே தேதியிலா வரும். வாசலில் தேர் ஓடுகிற வீட்டில் பிறந்தவன் செய்கிற காரியமா இது.

அது மறதி, போகட்டும். அதற்கு மேல் செய்திருப்பதை நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேனென்கிறது. கார்த்திகை மழையில் ஒரு நாள் இன்டர்நெட் லைன் போனதற்கே, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலையை வேறு தேசத்துக்கு மாற்றிவிடுவோம் என்று உங்கள் மேனேஜர் எழுதியிருந்தாராம். அதற்குப் பயந்து, எங்களுக்கு இரண்டு கம்பெனி லைன் இருக்கிறது, இரண்டும் தனித்தனி வழியாக வருகிறது என்று பதில் எழுதிவிட்டான். கம்பெனி இரண்டுதான், ஆனால் இரண்டு வயரும் எதிர்சாரியில் உள்ள ஒரே போஸ்ட் கம்பத்திலிருந்துதான் வீதியைத் தாண்டி வருகிறது. இப்போது தேர் அன்று மட்டும் கம்ப்யூட்டர்களைத் திருவானைக்காவலில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குத் தூக்கிப்போய்ச் சத்தமில்லாமல் முடித்துவிடுகிறேன் என்கிறான். நோயாளிகள் விவரம் உள்ள கம்ப்யூட்டர் ஆபீஸ் வாசலைத் தாண்டக் கூடாது என்று இவனே கையெழுத்துப் போட்டிருக்கிறான், அதை அன்வர்தான் எனக்கு எடுத்துச் சொன்னான். மாடியில் இவனுக்கு அடுத்தபடியாக எல்லாம் பார்த்துக்கொள்கிற பிள்ளை அவன். “அண்ணே, மாட்டினா வேலை மட்டும் போகாது, அக்கா பேரும் சேர்ந்து போகும்” என்று இவனிடமே சொல்லிவிட்டான். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ரிட்டையரானாலும் அவர் நக்கல் ரிட்டையராகவில்லை. “தேர் அன்னிக்கு நம்ம வீட்டுல ஃபேனே ஓடாது, இவரு நியூசிலாந்துக்காரனுக்குப் பல்லு பாக்கறாரு” என்று சொல்லப்போக, இவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான்.

அவனை முழுக்கக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. சம்பளக் கணக்கு நான் எழுதுவதால் மாடியில் உள்ள ஒவ்வொருவர் வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியும். வையம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிற கலையரசனுக்கு ஆவணியில் கல்யாணம். நன்றாக வேலை பழகியவர்கள் தை மாசமே சென்னைக்குப் போய்விட்டார்கள், மீதி பேரையாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் பொய் எழுதினான். ஆனாலும் என் தம்பியை நம்பலாம் என்று நீ அங்கே சொன்ன ஒரு வார்த்தையில் வந்த வேலை இது. உனக்கே தெரியாமல் உன்னை இதில் மாட்டிவிடுவது எந்த நியாயம். காலையில் காப்பி கொடுக்கும்போது சொல்லிவிட்டேன், “உங்கக்கா மானத்த வச்சு நீ தேர் இழுக்காத. இன்னிக்கு அவங்க ஆபீஸ் மூடறதுக்குள்ள நீயே போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிடு, இல்லன்னா நான் ப்ரீத்திகிட்ட சொல்லிடுவேன்” என்று. டம்ளரை வைத்துவிட்டு மாடி ஏறியவன்தான், இன்னும் இறங்கவில்லை. அதனால் இதைப் பார்த்ததும் நீயே மேனேஜரிடம் போய் உள்ளதைச் சொல்லி, தேதியை இரண்டு நாள் தள்ளி வைக்க முடியுமா என்று கேள். வேலை போனாலும் போகட்டும்.

இந்த இடம் வரை எழுதும்போது ஜெய்சங்கர் தண்ணீர் குடிக்க இறங்கி வந்தான். மறைக்க மனசில்லாமல் கையில் கொடுத்துவிட்டேன். நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தான். “பத்து நிமிஷம் கழிச்சு அனுப்பும்மா. அக்காவுக்கு எதுவும் தெரியாதுன்னு அவங்க மேனேஜர்கிட்ட நான் முதல்ல சொல்லிடறேன்” என்று போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போயிருக்கிறான். அவன் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும், ஆனால் உன் பெயரைச் சொன்னது நன்றாகக் கேட்டது. இப்போது அந்தப் பக்கம்தான் பேசுகிறார்கள் போலிருக்கிறது, இவன் யெஸ், யெஸ் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ரெங்கநாதர் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். வியாழக்கிழமை உன் பெயரையும் சொல்லி வடம் தொடுவேன். தம்பி உன்னைக் கூப்பிட்டால் எடுத்ததும் திட்டாதே, சாப்பிட்டாயா என்று முதலில் கேள். நேற்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா,
மட்டுவார்குழலி