நகராமல் நின்ற புள்ளி

3 ஜூன் 2024, திங்கள்

திருச்செந்தூர் சாலைத் தரவு இன்று கைக்கு வந்தது. ஒரு தனியார் நிறுவனம் செல்போன்களிலிருந்து திரட்டியது. ஜனவரி முதல் மார்ச் வரை, ஒரு லட்சத்து எண்பதாயிரம் போன்கள் நிமிடத்துக்கு நிமிடம் எங்கே இருந்தன என்று. பெயர் இல்லை, நம்பர் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. எந்த நேரத்தில் எங்கே பஸ் போதவில்லை என்று கண்டுபிடிப்பது எங்கள் கல்லூரிக் குழுவின் வேலை. வழிகாட்டி குமரகுருபரன் சார் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். கூட்டத்தைப் பார்க்கலாம், தனிப் புள்ளியைப் பின்தொடரக் கூடாது. நானும் போட்டேன்.

பிப்ரவரியும் அதற்குள் இருக்கிறது.

9 ஜூன், ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்த அம்மா சேலையைக்கூட மாற்றவில்லை. தம்பி ஜாபேஸ் படத்துக்கு எதிரே உட்கார்ந்து கேட்டாள்: "நீ ரோட்டுல யாரு எங்க போறாவன்னு எல்லாம் பாக்குதல்லா? அன்னைக்கு நம்ம பிள்ளைகிட்ட யாராவது இருந்தாவளான்னு பாரேன்."

பிப்ரவரி 13 காலை. கிருஷ்ணாபுரம் தாண்டி நாய் குறுக்கே வந்து அவன் பைக் சறுக்கியது. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடத்துக்கு மேல். அதுவரை உயிர் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போய்விட்டான். 108-க்குச் சொன்னது யாரென்று யாருக்கும் தெரியாது.

பார்க்கக் கூடாதும்மா என்றேன்.

11 ஜூன், செவ்வாய்

பார்த்துவிட்டேன்.

12 ஜூன், புதன்

நேற்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அந்த இடத்தில், காலை 6.41-க்கு ஒரு புள்ளி நின்றுபோகிறது. இரவுகளில் அது எங்கே தங்கியது என்று தேடினேன் — எங்கள் வீடு. பெயரை நீக்கினால் என்ன, அவன் இங்கேதானே தூங்கினான்.

6.43-க்கு இன்னொன்று வந்து நிற்கிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட புள்ளிகள் கடந்து போகின்றன. இது மட்டும் 7.05 வரை நகரவில்லை. பிறகு திருச்செந்தூர். சாயங்காலம் முக்கூடலில் ஒரு தெருவின் கடைசி வீடு.

யாரோ தம்பி தலையை மடியில் வைத்திருந்திருக்கிறார்கள். அப்படித்தானே இருக்கணும்?

15 ஜூன், சனி

கல்லூரி வேலை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு முக்கூடல் போனேன்.

வீட்டு முன்பக்கம் பஞ்சர் ஒட்டும் கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். பெயரை இங்கே எழுத மாட்டேன். பிப்ரவரி 13 என்றதும் கையிலிருந்த டியூபைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். போலீஸ் என்று நினைத்திருக்கிறார். நான் அந்தப் பையனோட அக்கா, அண்ணாச்சி என்றேன். உள்ளே மனைவி பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காதபடி பேசினார்.

"அந்தத் தம்பிகிட்ட போகலம்மா. எட்ட நின்னேன். நாமதான் இடிச்சோம்னு சொல்லிருவாவளோன்னு பயம். ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். விட்டுட்டுப் போகவும் மனசு வரல."

சாலைக்கு அந்தப் பக்கம் நின்றாராம். பதினைந்து, இருபது அடி. புள்ளியில் அது தெரியாது. ஜாபேஸ் இரண்டு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தானாம்.

பிறகு அவர் கேட்டார்: "நா அங்கன நின்னது எனக்கும் முருகனுக்குந்தான் தெரியும். வீட்லகூடச் சொல்லல. ஒங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

சொன்னேன். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, தள்ளி, பெஞ்சின் அந்தக் கோடியில் வைத்தார்.

"அப்பம் இனி யாரு வேணாலும் வருவாவளா?"

என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கேன் நான்.

16 ஜூன், ஞாயிறு

மடியில் வைத்திருந்தார்னு சொல்லிடலாமா என்று ராத்திரியே யோசித்தேன். வாய் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அம்மா கேட்டாள்:

"தலையைத் தூக்கிப் பாத்தான்னா, பிள்ளை அவரப் பாத்திருப்பான்லா?"

ஆமாம்மா என்றேன். அவர் பெயரைக் கேட்டாள், ஜெபத்தில் சொல்ல. சொல்ல மாட்டேன் என்றேன். அதில் அவளுக்கு என்மேல் கோபம்.

18 ஜூன், செவ்வாய்

சாரிடம் போய் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "நீ எதுக்குச் செஞ்சேன்னு எனக்குப் புரியுது. அதான் பயமா இருக்கு" என்றார்.

5 ஜூலை, வெள்ளி

கடிதம் வந்தது. குழுவிலிருந்து நீக்கம், ஆராய்ச்சிப் படிப்பு ஒரு வருடம் நிறுத்திவைப்பு. தரவிலிருந்து இரவு தங்குமிடங்களை எல்லாம் அழித்துவிட்டார்களாம். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

22 ஆகஸ்ட், வியாழன்

பயணிகளை நேரில் கேட்டு எழுதும் கணக்கெடுப்புக்குச் சார் என்னைத் தினக்கூலியில் சேர்த்துவிட்டிருக்கிறார். வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் காலை ஏழிலிருந்து நின்றேன். எங்கே ஏறுகிறீர்கள், எங்கே இறங்குவீர்கள், எழுதிக்கொள்ளலாமா. அறுபத்திரண்டு பேர் சொன்னார்கள். கூடை வைத்திருந்த ஒரு பெரியம்மா மட்டும், "நா எங்க போனா ஒனக்கென்னட்டி?" என்றாள்.

சரி பெரியம்மா என்றேன். பஸ் வந்து அவள் கூடையைத் தூக்கியபோது வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.