வாயாடியின் தாடை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், உன் தங்கையும் நலம், அவள் பெண் மட்டும் நலமில்லை. அங்கே நீயும் மருமகளும் பேரனும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

குழந்தைக்கு மோவாயில் சின்ன அடி என்று அம்மா போனில் உன்னிடம் பூசி மெழுகியிருப்பாள். சின்ன அடியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தாடை எலும்பு முறிந்திருக்கிறது. உன் தங்கையைக் கட்டிய மகானுபாவர், காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் விபத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறவர், பள்ளியிலிருந்து பிள்ளையை ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்து அழைத்து வந்திருக்கிறார். துரைக்குத் தலையில் ஹெல்மெட், கண்ணாடியைக்கூட இறக்கிவிட்டிருந்தாராம். பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. குறுக்கே ஒரு கார் திரும்ப, இவர் பிரேக்கை அழுத்த, அவள் மோவாய் நேராகப் போய் ஹேண்டில்பாரில் இடித்தது. ஹெல்மெட் போட்ட அந்த மண்டைக்குள் அப்படிப் பாதுகாக்க என்னதான் இருக்கிறதோ. தெருமுனை கிளினிக்கில் பிள்ளைக்குத் தையல் போட்டுக்கொண்டு வந்து, ஒண்ணுமில்ல மாமா, வெறும் கீறல்தான் என்று என்னிடமே சிரித்தார். அப்புறம் பிள்ளை ரொட்டியைக்கூட மெல்ல முடியாமல் அழுதாள், வாய் ஒரு பக்கமாகக் கோணியது. எல்லாம் பிடிவாதம், நீங்க செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க என்றார். நான்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அடி மோவாயில பட்டாலும் ஒடையறது காதுக்கு முன்னால இருக்கற மூட்டுலதான் என்று டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். அங்கே வரிசையாகப் பிள்ளைகள், ஒருவனுக்கு மூக்கு, ஒருத்திக்குக் கன்னம். பக்கத்திலேயே அவரவர் அப்பன்கள், முகத்தில் ஒரு கீறல் இல்லாமல், மடியில் ஹெல்மெட்டோடு.

அறுவை சிகிச்சை வேண்டாமாம். கரைத்த சாப்பாடுதான், தினமும் வாயைத் திறந்து மூடிப் பழக்க வேண்டும். விட்டால் மூட்டு இறுகி வாயே திறக்காது, அந்தப் பக்கம் தாடை சரியாக வளராது என்று சொல்லியிருக்கிறார்கள். வலிக்குப் பயந்து நம் வாயாடி வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். அவ அழுதா மனசு தாங்கல மாமா என்று அவள் அப்பா பால்கனிக்கு நழுவிவிடுகிறார். மனசாம்! நான்தான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்து வாயைப் பிளக்கிறேன். என்னை அடிக்கிறாள். எனக்கும் அழுகை வருகிறது, ஆனாலும் விடுவதில்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிட்டு அவளைச் சிரிக்கவை, அப்படியாவது வாய் திறக்கட்டும். மாப்பிள்ளையை நான் திட்டியதைப் படித்து நீ பெரிதாகச் சிரிக்க வேண்டாம். பேரனை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து நீ எடுத்து அனுப்பிய படத்தை, அம்மா ஆசையாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததை, நேற்று கழற்றி வைத்துவிட்டேன். அதில் உன் முகம் ஹெல்மெட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. பேரன் முகம்தான் முழுசாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா