லேட் திருமதி வீரையா

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். ஞாயிற்றுக்கிழமை ரெம்பியாவில் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து ஜனங்களின் ஒன்றுகூடல். மேடையில் வாசிக்க, வீட்டுப் பிள்ளைகளின் வெற்றிகளை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன்.

பேத்தி தர்ஷினி: நர்சிங் முடித்து மலாக்காவிலேயே வேலை. கார் லைசென்ஸ், இரண்டாம் தடவையில். (தடவையை எழுதாதே என்றாள். எழுதினேன்.)
பேரன் கவின்: எஸ்.பி.எம். பரீட்சையில் ஏழு ஏ. தமிழிலும் ஏ.
மகள் வயிற்றுப் பேரன் ஹரேன்: ஈட்டி எறிதல், மாநில அளவில் வெண்கலம்.
அவன் தங்கச்சி, நான்கு வயது: தன் பெயரை மூன்று மொழியில் எழுதுகிறாள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பால்மரம் சீவியது இருபத்தேழு வருடம். அதை யாரும் கேட்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மதியம் மழை. பி.பி. மாத்திரை மறதி.

தர்ஷினி போனைக் காட்டினாள். முகநூலில் ஒன்றுகூடல் பேனர். மேலே ‘மறைந்த நம் பெரியவர்கள்’. இரண்டாம் வரிசையில் நானும் என் வீட்டுக்காரரும். ஸ்டூடியோவில் எடுத்த ஜோடிப் படம். கீழே ஆங்கிலத்தில்: லேட் மிஸ்டர் அண்ட் மிஸஸ் வீரையா. பக்கத்தில் குத்துவிளக்கு வேறு.

அவர் போய்ப் பதினோரு வருடம். அவர் தனியாக இருக்கும் நல்ல படம் கிடையாது. செயலாளர் அண்ணாமலை படம் கேட்டிருக்கிறார், என் மகன் சேகர் இதை அனுப்பிவிட்டான். அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்தே மேலே அனுப்பிவிட்டார்கள்.

கீழே அனுதாபம் வேறு. ஒருத்தி எழுதியிருக்கிறாள்: நல்ல மனுசி, கோபம்தான் ஜாஸ்தி.

சேகர் வேலை முடிந்து வந்தான். தலையைச் சொறிந்தான்.

“பேனர் அடிச்சாச்சுலா, அம்மா. நீ இந்த வருசம் வராத. அந்தப் பேனருக்குக் கீழ நீ நின்னா நல்லாவா இருக்கும்? அபசகுனம்னு பேசுவாங்க.”

“அவங்க செத்துட்டேன்னு போட்டாங்க. நீ வீட்டுல ஒளிஞ்சுக்கோன்னு சொல்ற. எது பெருசு?”

சோறு போட்டுக் கொடுத்தேன். கோபம் வேறு, பசி வேறு.

ஜூன் 14, சனி

பாசாரில் கங்கோங் கீரை, நெத்திலி. பக்கத்து வீட்டு மரகதம் சிரிக்கிறாள். இப்படிச் சாவுச் செய்தி வந்தால் ஆயுசு கெட்டியாம். ஆயுசு யாருக்கு வேண்டும். பெயர் வேண்டும்.

லேட் என்ற சொல்லை தர்ஷினியிடம் கேட்டேன். பஸ் வராவிட்டால் லேட். கவின் எழுந்தால் லேட். தண்ணீர் பில் லேட். இருபத்தெட்டு வயதானால் லேட் ட்வென்டீஸாம். ராத்திரி சாப்பாடும் லேட். செத்தவருக்கும் அதே சொல். அவர் போனது ஐம்பத்தொன்பது வயதில். அதுவா லேட்? எனக்கு ரொம்பச் சீக்கிரம்.

அண்ணாமலை கூப்பிட்டார். பாக்கியக்கா, மன்னிச்சிருங்க, படத்துல உங்க மேல மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டிடுறேன் என்றார். அந்தப் படத்தில் அவர் கை என் நாற்காலி மேல் இருக்கிறது. என்னை மறைத்தால் அவர் கையும் போகும். கை இல்லாத ஆளாக அவரை நிறுத்த விடமாட்டேன்.

“ஒண்ணும் ஒட்ட வேணாம் தம்பி. நாளைக்கு பேர் வாசிப்பீங்கல்ல? அதையும் மாத்தாதீங்க. அப்படியே வாசிங்க.”

“எப்படிக்கா வாசிக்கிறது? எனக்கு நாக்கு வராது.”

“பேனர் அடிக்கும்போது கை வந்துச்சுல்ல?”

சேகர் காரில் ஏற்ற மாட்டானாம். தர்ஷினி அவளே ஓட்டுகிறேன் என்றாள். மாம்பழ நிறச் சேலை இஸ்திரி போட்டாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். தர்ஷினி மெதுவாகத்தான் ஓட்டினாள், லாரிகள் எல்லாம் முந்திப் போயின.

மண்டபத்தில் என்னைப் பார்த்ததும் இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். பேனரில் ஆளுக்கொரு மல்லிகை மாலை, என் தலைக்கும் ஒன்று.

எல்லோரும் எழுந்து நின்றோம். அண்ணாமலை பெயர்களை வாசித்தார். எங்களிடம் வந்ததும் தண்ணீர் குடித்தார். அமரர் வீரையா என்றார். கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் தாளைப் பார்த்தபடி, மிக மெதுவாக, அமரர் பாக்கியம்.

தோட்டத்தில் விடிவதற்கு முன் பெரட்டில் எங்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். பதில் சொல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அந்தக் குரலிலேயே சொன்னேன்.

“இருக்கேன்.”

அண்ணாமலை தாளிலிருந்து தலையைத் தூக்கினார். பின்னால் செல்லம்மாள், என்னோடு மரம் சீவியவள், சொன்னாள்: “கேட்டுச்சு, கேட்டுச்சு. கங்காணிக்குக் கூட காது அடைச்சிருக்கும்.” அப்போதுதான் சிரித்தார்கள். அண்ணாமலையும். அவர் கண்ணில் தண்ணீர்.

மேடைக்குப் போய், பிள்ளைகள் தாளை அவரிடமிருந்து வாங்கி நானே வாசித்தேன். கடைசியில் தாளில் இல்லாததையும் சேர்த்தேன்: பாக்கியம், பால்மரம், இருபத்தேழு வருடம். கைதட்டினார்கள். கதவோரம் சேகர். எப்போது வந்தானோ. அவனும் தட்டினான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பேனரில் என் பக்கத்து மாலையை மட்டும் கழற்றி அவர் பக்கம் மாட்டினேன். பக்கத்தில் நின்றேன். தர்ஷினி படம் எடுத்தாள்.

ஜூன் 16, திங்கள்

மூட்டு வலி. சேகர் வலிக்கு ஒட்டும் கோயோக் பிளாஸ்திரி வாங்கி வந்து, பேசாமல் மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

முகநூலில் இன்னும் அதே பேனர். அனுதாபம் பதினான்கு ஆகிவிட்டது. தர்ஷினி வந்ததும் முதல் வேலை: நேற்று எடுத்த படத்தைப் போடு. அவர் கையை வெட்டாதே. என் சேலை முழுதும் தெரியட்டும். இன்றைக்கே போடு.