எட்டுப் பிஸ்டன் தண்டுகள்

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

நான் சுகம். உன் முதுகு வலி எப்படி? மாமியின் இருமல் குறைந்ததா?

இந்தக் கிழமை முழுவதும் ஒரே எஞ்சினோடுதான். வேகப் படகுக்குரிய பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சின். எதை மாற்றுவது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் வேலையை முதலாளி என்னிடம் விட்டார். புதுப் பிஸ்டன்கள் போதும், அவற்றைத் தாங்கும் பழைய தண்டுகளையே பூட்டு என்று படகுக்காரர் ஹல்வார் பிடிவாதமாக நின்றார்.

"போன கோடையிலை நல்லாத்தானே ஓடினது?" என்றார்.

ஒரு தண்டில் மயிரிழை போல வெடிப்பு இருந்தது. "எட்டையும் மாத்தாமல் நான் பூட்டமாட்டன்," என்றேன். வேறு பட்டறைக்குக் கொண்டுபோவதாகச் சத்தம் போட்டார். நான் வெடிப்பைக் காட்டும் சாயத்தைத் தண்டில் பூசித் துடைத்து, லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். கனநேரம் பார்த்தார்.

"இந்தப் படகிலைதான் என்ரை மனுசியையும் ஏத்திக்கொண்டு போறனான்," என்றார் மெதுவாக. அன்றே புதுத் தண்டுகளும் உப்புத் தண்ணீருக்குத் தாங்கி, கசியாமல் அடைக்கும் கஸ்கட்டும் எடுப்பித்தோம்.

கழற்றும்போது விரலில் சின்னக் காயம், மூன்று தையல்தான். அம்மாவிடம் சொல்லாதே. களைப்பில் இரண்டு நாளாகச் சமைக்கவில்லை.

மிளகாய்த்தூள் அனுப்பாதே, இங்கே கிடைக்கிறது. பார்சலில் நீ கைப்பட எழுதிய இரண்டு பக்கம் வை. பக்கத்து வீட்டுச் சண்டையென்றாலும் பரவாயில்லை.

எஞ்சின் பூட்டியதும் படகில் ஓடிப் பார்க்க ஹல்வார் கூப்பிட்டிருக்கிறார். "உம்மடை மனுசியையும் கூட்டிக்கொண்டு வாரும்," என்றார். நீ ஊரில் விசாவுக்குக் காத்திருக்கும் கதையைச் சொல்ல அலுப்பாக இருந்தது. "ஓம்," என்று மட்டும் சொன்னேன்.

வேலை முடிந்து ரயிலில் இருந்துதான் இதை எழுதுகிறேன்; என் வீட்டுக்குப் பக்கத்து நிலையமான வெஸ்ட்லி வந்துவிட்டது, இறங்க வேண்டும்.

உன்
லதீசன்