நான் போடாத கையெழுத்து

8 மே 1974

நூல்கடை தேசப்பன் இன்றைக்கும் வந்தார். வாசலில் நின்றுகொண்டு தெருவே கேட்கும்படி கத்தல். "புருசன் வாங்கின நூலுக்குப் பொஞ்சாதி தான் பதில் சொல்லணும். ஓடிட்டான்னா விட்டுடுவனா?"

பவர்லூம் போடுகிறேன் என்று கடன்மேல் கடன் வாங்கினார் என் வீட்டுக்காரர். நூல் விலை ஏறினதும் தாங்க முடியாமல், பொங்கலுக்கு முன்பே பம்பாய்ப் பக்கம் போய்விட்டார். ஒரு கடுதாசி இல்லை. மாமியார் தலையைத் தொங்கப்போட்டபடி உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறிவிட்டது.

20 மே

வாடகைத் தையல் மெஷினை ஆடிக்குள் திருப்பிக் கேட்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்கு மலையேறுகிறவர்களுக்கு மஞ்சள் சட்டை தைத்தால்தான் எங்களுக்கு நாலு காசு. அதனால்தான் பஜார் பேங்கில் மெஷின் லோன் கேட்டிருந்தேன். மேனேஜர் பாலசுப்பிரமணியன் கையை விரித்துவிட்டார்.

"வெளிய விசாரிச்சோம்மா. உங்களைப் பத்தி நல்லபடியா சொல்லல."

"யாருங்க சொன்னாங்க? என்ன சொன்னாங்க?"

"அதெல்லாம் ரகசியம்."

என் பேரு. அதுக்கு நேரா என்னமோ எழுதி வெச்சிகினு இருக்காங்க. எனக்கு மட்டும் தெரியக் கூடாதாம்! எவன்கிட்ட நான் கை நீட்டினேன்?

21 மே

ஒன்றும் ஓடவில்லை. தைத்ததையே பிரித்துத் தைத்தேன்.

3 ஜூன்

கோர்ட்டுக்கு எதிரே நாகராஜன் வக்கீலைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "எந்தக் கடன் பத்திரத்துலயாவது நீ கையெழுத்து போட்டியா?"

யோசித்தேன். தேசப்பனுக்கு இல்லை. பவர்லூமுக்கு இல்லை. பக்கத்துத் தெரு ஞானம்மாள் அக்கா, ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிறவர், இருநூறு ரூபாய் கொடுத்தபோது மட்டும் வீட்டுக்காரரோடு நானும் போட்டேன்.

"அப்போ அது உன் கடன். மத்தது எதுவும் உன்னைச் சேராது. சட்டம் அவ்வளவுதாம்மா."

வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று அழுதேன். அஞ்சு மாசமா மூச்சு விட்ட மாதிரியே இல்லை. இப்பத்தான் விட்டேன்.

10 ஜூன்

ஞானம்மாள் அக்காவிடம் இருபது ரூபாய் கொண்டுபோனேன். "நான் கேட்டனாடி?" என்றார்.

"நீங்க கேக்கலக்கா. போட்டது நானாச்சே."

பத்திரத்தின் பின்னாலேயே வரவு எழுதிக் காட்டினார். காப்பி கொடுத்தார். வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

24 ஜூன்

மறுபடி பேங்க். அந்தக் கடனெல்லாம் என்னைச் சேராது என்று வக்கீல் எழுதிக் கொடுத்ததை நீட்டினேன். மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தேசப்பன் தாம்மா சொன்னாரு. வாங்கினதைத் தராத குடும்பம்னு."

"நான் கையெழுத்து போட்ட சீட்டு ஒண்ணே ஒண்ணு அவரைக் காட்டச் சொல்லுங்க."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க என்னைக் கேக்கலையேங்க. எனக்கும் ஒரு கடன் இருக்குது. ஞானம்மாள்னு, ஆஸ்பத்திரி ஆயா. அவங்களைக் கேளுங்க."

எங்கேயிருந்து அந்தத் தைரியம் வந்தது? முருகனுக்குத்தான் தெரியும்.

5 ஜூலை

பேங்க் ஆள் வந்து விசாரித்தானாம். அக்கா சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்: "கேக்காமயே கொண்டாந்து கட்டறவ, போதுமான்னேன்."

லோன் ஆச்சு. மெஷினே ஈடு. பில் என் பேரில்.

13 ஆகஸ்ட்

கிருத்திகைக் கூட்டம் வடிந்துவிட்டது. இடுப்பு விட்டுப்போச்சு. ஆனாலும் மனசு லேசு. பேங்க் தவணை கட்டியாச்சு, அக்காவுக்கும் கொடுத்தாச்சு.

தேசப்பன் வந்தார். நான் எழுந்திருப்பதற்குள் மாமியார் வாசலுக்குப் போய்விட்டார். "எம் பையன் வாங்கினது அது. அவன் வந்தா அவனைக் கேளு. இவளை இனி கேக்காதே." இந்த வீட்டில் அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. தேசப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

30 அக்டோபர்

அவர் வந்துவிட்டார். கன்னம் ஒட்டி, பாதி ஆளாக. மாமியார் கட்டிக்கொண்டு அழுதார். சோறு போட்டேன். பசியில் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

அப்புறம் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். நகரியில் ஒருத்தர் ஆயிரம் தருகிறாராம், எல்லாரையும் தீர்த்துவிடலாமாம். "உனக்குத்தான் இப்போ நல்ல பேராமே, லட்சுமி. நீ ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"மாட்டேன் பாவா."

அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவப் போனேன். அவர் காகிதத்தை மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

1 நவம்பர்

காலையில் குளித்துவிட்டு, யாரும் சொல்லாமல், தேசப்பன் கடைக்குப் போனார். நானும் மாமியாரும் வாசலையே பார்த்துகினு இருந்தோம். மதியம் தாண்டித்தான் வந்தார். தேசப்பன் போட்டிருக்கிற தறியிலேயே கூலிக்கு ஓட்டுவதாம், கூலியில் மாசாமாசம் பிடித்துக்கொள்வதாம்.

"கத்தினாரா?"

"ஆங், கத்தினாரு. அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தாரு."

சொல்லிவிட்டு மெஷினைப் பார்த்தார். வந்ததிலிருந்து இப்போதுதான் கண்ணில் பட்டது போல.

"யாருது இது?"

"என்னுது."

சக்கரத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். தீபாவளித் துணி குவிந்து கிடக்கிறது. அதை ஒதுக்கி, மெஷினைச் சுவரோரம் நகர்த்தி, அவர் கால் நீட்டிப் படுக்க இடம் பண்ணினேன்.